இசமால்: மஞ்சள் ஊரும் அதன் அடியில் இருக்கும் மாயர் ஊரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் யூகாத்தான் தீபகற்பத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கான்குன் கடற்கரையையும், இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மாயர்கள் கட்டிய பழைய நகரமான சிச்சென் இட்சாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வழியில் இசமால் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே போகலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. ஊருக்குள் பார்க்க வேண்டியதும் அதே விகிதத்தில்தான் இருக்கிறது.

இசமால் எங்கே இருக்கிறது?

யூகாத்தான் மாநிலத்தின் தலைநகரான மெரிதாவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கான்குன் பக்கமிருந்து வந்தால் சுமார் 250 கிலோமீட்டர். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஊர். மெக்சிகோ அரசு, அழகும் பழமையும் உள்ள சிற்றூர்களுக்கு ‘மந்திர ஊர்’ என்று ஒரு பட்டம் கொடுக்கிறது. 2002-லேயே இசமால் அந்தப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது.

காலனி கால ஊர் என்றும் சொல்கிறார்கள், மாயர் ஊர் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஸ்பானியர் வருவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இசமால் பெரிய ஊர். இட்சம்னா என்ற தெய்வத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட புண்ணியத்தலம். நான்கு திசையிலிருந்தும் யாத்திரிகர்கள் நடந்து வந்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி உயர்த்திய நீண்ட வெண்சாலைகளை மாயர்கள் போட்டார்கள். அவற்றில் ஒன்று இசமாலிலிருந்து மேற்கே 30 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி ஆக்கே என்ற ஊரைத் தொட்டது. கிழக்கே சிச்சென் இட்சா தலையெடுத்த பிறகு இசமாலின் அரசியல் செல்வாக்கு தேய்ந்தது. ஆனால் கோயில் ஊர் என்ற பெயர் போகவில்லை.

16-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிஸ்கன் துறவிகள் இங்கே வந்து மடம் கட்டியதற்குக் காரணமே அந்தப் பெயர்தான். மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்தில் தங்கள் கோயிலை எழுப்பினால் வேலை பாதி முடிந்த மாதிரி என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த மடம் உண்மையிலேயே பிரமிட் மீதுதான் நிற்கிறதா?

ஆமாம். ‘பிரமிட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில்’ என்பதுபோன்ற மழுப்பல் இல்லை. பாப்-ஹோல்-சாக் என்ற பெரிய மேடைக் கோயிலின் மேற்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, அடித்தளத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலைமேல் பதுவை அந்தோணியார் மடத்தைக் கட்டினார்கள். 1550 வாக்கில் தொடங்கிய வேலை 1561-இல் முடிந்தது. கட்டட வேலையைப் பார்த்தவர் ஹுவான் தெ மெரிதா என்ற துறவி. கல் சுமந்தவர்கள் மாயர்கள். கல்லும் அவர்களுடைய கோயில் கல்தான்.

சாலையிலிருந்து மடத்துக்குள் போக அகலமான சாய்வுப் படிப்பாதையில் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தைக் கவனியுங்கள். யூகாத்தான் மேசை போலத் தட்டையான நிலம். ஆறும் இல்லை, மலையும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாதா கோயிலுக்குப் போகக் குன்றேறுவதுபோல ஏற வேண்டியிருக்கிறது என்றால், ஏறுவது என்ன என்று புரிந்துவிடும்.

மேலே போனதும் நான்கு பக்கமும் வளைவுத் தூண்கள் சூழ்ந்த பெரிய புல்வெளி முற்றம் விரிகிறது. வாட்டிகனின் புனித பேதுரு சதுக்கத்துக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய மூடிய முற்றம் இதுதான் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்த வரிசை எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முற்றம் ஏன் இவ்வளவு பெரிது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மதம் மாற்றப்பட்ட மாயர்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று பூசை கேட்க வேண்டும். தேவாலயக் கட்டடத்துக்குள் அவ்வளவு பேர் கொள்ளமாட்டார்கள். அவர்களும் தலைமுறை தலைமுறையாகத் திறந்தவெளியில் சடங்கு செய்து பழகியவர்கள். மாயர் கோயிலின் மேல்தளம் எவ்வளவு பரந்தது என்பதை இந்த முற்றத்தின் அளவே சொல்லிவிடுகிறது.

சுவர் ஓரமாக மெதுவாக நடந்தால், சில இடங்களில் மாயர் செதுக்கிய கோலம் அப்படியே இருக்கும் கற்கள் சுவருக்குள் பதிந்திருப்பதைக் காணலாம். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல காலம் மறைந்திருந்து, பிறகு வெளிக்கொண்டுவரப்பட்ட 16-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும் உண்டு. செம்மண் நிறக் கோடுகள் மங்கலாகத்தான் தெரியும். சுற்றுலாக் குழுக்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகும்.

மடத்தருகே ஒரு துறவிக்குச் சிலை வைத்திருக்கிறார்களே, அவர் யார்?

தியேகோ தெ லாந்தா. இந்த ஊரில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு பெயர் என்றால் அது இதுதான்.

1549-இல் இளம் துறவியாக யூகாத்தானுக்கு வந்தவர். இசமால் மடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. மாயா மொழியைக் கற்றார். காட்டு வழியாக ஊர் ஊராக நடந்து போய்ப் பிரசங்கம் செய்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் குகைகளில் பழைய தெய்வங்களுக்குப் படையல் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளே மாறிவிட்டார். விசாரணை என்ற பெயரில் பிடித்து வந்து, கைகளைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். சித்திரவதையில் பலர் செத்தார்கள். 1562 ஜூலை 12 அன்று மானி என்ற ஊரில் ஆயிரக்கணக்கான சிலைகளையும், மாயர்கள் மரப்பட்டைத் தாளில் எழுதி மடித்து வைத்திருந்த ஏடுகளையும் குவித்துத் தீ வைத்தார். அவற்றில் மூடநம்பிக்கையையும் சாத்தானின் பொய்யையும் தவிர எதுவும் இல்லை என்பதால் எரித்தோம், அதற்காக அவர்கள் வியக்கத்தக்க அளவுக்கு வருந்தினார்கள் என்று அவரே பின்னால் எழுதி வைத்தார்.

இன்று உலகம் முழுவதும் தேடினாலும் மாயர் ஏடுகள் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. மூன்று ஐரோப்பாவில் டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில் இருக்கின்றன. ஒன்று மட்டும் மெக்சிகோவில். எல்லா இழப்புக்கும் லாந்தா ஒருவரே காரணம் அல்ல. வேறு துறவிகளும் எரித்தார்கள், ஈரமும் பூச்சியும் தின்றன. ஆனால் மானியில் மூட்டிய தீக்கு அவர்தான் பொறுப்பு.

கதை இங்கே முடிந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். புதிதாக வந்த பிஷப் தோரல் இந்தக் கொடுமைகளைக் கண்டித்தார். லாந்தா விசாரணைக்காக ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே இருந்தபோது, 1566 வாக்கில், யூகாத்தானைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். மாயர்களின் நாள்காட்டி, திருமணம், உணவு, விவசாயம், கட்டடம், சவ அடக்கம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்துகளைப் பற்றியும் ஒரு பக்கம் உண்டு. ஸ்பானிய அரிச்சுவடியின் ஒவ்வோர் எழுத்துக்கும் மாயர் எழுத்து என்ன என்று கேட்டு, மாயர் ஒருவர் எழுதிக் காட்டியதைப் பதிவு செய்திருந்தார். மூலப்பிரதி தொலைந்துவிட்டது. சுருக்கப்பட்ட ஒரு படி மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் மாட்ரிட்டில் கிடைத்தது. அந்த அரிச்சுவடியை வைத்துப் படிக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள். அது உளறல் என்று தள்ளிவிட்டார்கள்.

1952-இல் லெனின்கிராடிலிருந்த யூரி க்னோரசோவ் என்ற சோவியத் ஆய்வாளர் முடிச்சை அவிழ்த்தார். லாந்தா ‘பி’ என்ற எழுத்தை அதன் ஸ்பானியப் பெயரான ‘பே’ என்று உச்சரித்துக் கேட்டிருக்கிறார். மாயரோ ‘பே’ என்ற ஒலிக்கான குறியை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதாவது மெய்யும் உயிரும் சேர்ந்த ஒரே குறி. ‘க’, ‘கி’, ‘கு’ என்று உயிர்மெய்யில் எழுதிப் பழகிய நமக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. அகரவரிசை மட்டுமே எழுத்துமுறை என்று நினைத்தவர்களுக்குத்தான் நூறு ஆண்டு பிடித்தது. மாயர் கல்வெட்டுகள் இன்று படிக்கப்படுகின்றன என்றால், ஏடுகளை எரித்த அதே கை எழுதிய குறிப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

வழக்கிலிருந்து விடுதலையான லாந்தா 1573-இல் பிஷப்பாகவே யூகாத்தானுக்குத் திரும்பி, 1579-இல் மெரிதாவில் இறந்தார். இசமாலில் அவர் சிலையாக நிற்கிறார். அதை எடுக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்பதை அந்த ஊர்க்காரர்கள் தீர்மானிக்கட்டும். வெளியிலிருந்து போகிறவர்கள், சிலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு படமெடுக்கும் முன் அவர் யார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஊர் முழுக்க ஏன் மஞ்சள்?

முட்டை மஞ்சள் கருவின் நிறத்தில் சுவர், வெள்ளையில் ஓரம். வீடு, கடை, நகராட்சி, மடம் எல்லாம் ஒரே நிறம். 1993 ஆகஸ்டில் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது ஊரையே மஞ்சளும் வெள்ளையுமாக, வாட்டிகன் கொடியின் நிறத்தில் அடித்தார்கள் என்பது பரவலான விளக்கம். மஞ்சள் அதற்கு முன்பே இருந்தது, சூரிய தெய்வத்தின் நிறம் அது, மக்காச்சோளத்தின் நிறம் அது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அந்தச் சுவர்கள் அழகு. நடுப்பகலில் கண் கூசும். படம் எடுக்க வருகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு கருத்து: மஞ்சள் நிறத்துக்காக மட்டும் இந்த ஊருக்கு வருகிறவர்கள் நாற்பது நிமிடத்தில் சலித்துப் போவார்கள்.

போப் ஏன் இவ்வளவு சின்ன ஊருக்கு வந்தார்?

1993-ஐ ஐ.நா. உலகப் பழங்குடி மக்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளைச் சந்திக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் இசமால். அப்போது மடத்தில் இருக்கும் இசமால் மாதா சிலைக்கு முடிசூட்டினார்.

அந்த மாதாவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1550-களின் இறுதியில் லாந்தா குவாத்தமாலாவிலிருந்து இரண்டு சிலைகளைக் கொண்டுவந்தார். வழியில் கனமழை. சிலைப் பெட்டி மீது மட்டும் ஒரு துளி விழவில்லை என்பது ஐதிகம். ஒன்று மெரிதாவுக்குப் போயிற்று, மற்றொன்று இசமாலுக்கு. வயதோலித் நகரத்து ஸ்பானியர்கள் இசமால் சிலையைத் தங்கள் ஊருக்குத் தூக்கிப்போக வந்தபோது, எத்தனை பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லையாம். நம் ஊர்த் தலபுராணங்களில் தேர் நகர மறுப்பதையும் சிலை எழ மறுப்பதையும் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1829-இல் தீ விபத்தில் அந்தச் சிலை எரிந்துபோக, மெரிதாவிலிருந்த இணைச் சிலையை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். யூகாத்தானின் பாதுகாவலி அவள்தான். டிசம்பர் 8 திருவிழா. சுற்று வட்டாரத்திலிருந்து நடந்தும் சைக்கிளிலும் கூட்டம் வரும். அந்த வாரத்தில் அறை கிடைப்பது கடினம், ஆனால் ஊரை அதன் இயல்பில் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. இட்சம்னாவைத் தேடி ஒரு காலத்தில் வந்த அதே திசைகளிலிருந்துதான் இன்றும் வருகிறார்கள்.

பிரமிட் மீது ஏற விடுவார்களா?

சிச்சென் இட்சாவில் நடுநாயகமான பிரமிடில் ஏறுவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இசமாலின் கினிச் காக்மோவில் ஏறலாம். கட்டணம் இல்லை.

நுழைவாயிலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மடத்திலிருந்து வடக்கே சில நிமிட நடை. வீடுகளுக்கு நடுவே ஒரு வாசல், உள்ளே போனால் படிகள். முதல் ஏற்றம் முடிந்ததும், இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் நிற்பது பிரமிட் அல்ல, பிரமிடுக்கான மேடை. மரங்கள் வளர்ந்த பரந்த வெளி அது. அதைக் கடந்து நடந்தால் எதிரே இன்னொரு பிரமிட் எழுந்து நிற்கும். கீழ்மேடை ஏறக்குறைய 200-க்கு 180 மீட்டர், அதாவது ஒன்பது ஏக்கர் அளவு. மொத்த உயரம் சுமார் 35 மீட்டர். மெக்சிகோவின் மிகப் பெரிய பிரமிடுகளில் இதுவும் ஒன்று. வீடுகளும் மரங்களும் மறைத்துவிடுவதால் தெருவில் நின்று பார்த்தால் இதன் பருமன் தெரியவே தெரியாது.

கீழ்ப்படிகளின் கற்களைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் பெரிய பாறைத் துண்டு, மூலைகள் உருண்டையாகத் தேய்க்கப்பட்டவை. சிச்சென் இட்சாவில் பார்க்கும் சன்னமான செதுக்கு வேலைக்குப் பல நூற்றாண்டு முந்தைய கட்டுமான முறை இது. மேல்படிகள் ஒழுங்கற்றவை. சில படி முழங்கால் உயரம், சில படி பாதம் கொள்ளாத அகலம். ஏறுவது எளிது. இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்குங்கள். கைப்பிடி கிடையாது. வெயில் காயும் கற்களில் பெரிய இகுவானாக்கள் படுத்திருக்கும். அவை ஒன்றும் செய்யாது.

உச்சியிலிருந்து பார்த்தால் தெற்கே மடம், நேருக்கு நேர். இரண்டுக்கும் நடுவில் ஊர். கீழே மடத்துச் சுவரில் தேடியதை இங்கிருந்து ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அதனால்தான் மடத்தைப் பார்த்துவிட்டுப் பிரமிடுக்குப் போவதைவிட, விடிந்ததும் பிரமிட், பிறகு மடம் என்று போகச் சொல்கிறேன்.

நெருப்பு போன்ற, சூரிய முகம் கொண்ட பஞ்சவர்ணக்கிளி வடிவத் தெய்வத்துக்கு உரிய கோயில் இது. நண்பகலில் கிளி பறந்து இறங்கிப் படையலை எரித்துவிடும் என்று நம்பினார்கள். நண்பகலில் அங்கே நின்று பார்த்தால் அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்று உச்சந்தலைக்கு விளங்கும்.

வேறு பிரமிடுகள் இருக்கின்றனவா?

இட்சமாதுல், காபுல், ஹாபுக், எல் கொனெஹோ ஆகியவை ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கும் கடைகளுக்கும் பின்னால் இருக்கின்றன. நேரம் இருந்தால் இட்சமாதுலுக்குப் போங்கள். காபுலைப் பற்றி ஒரு துயரம்: 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கில ஓவியர் பிரெடரிக் கேதர்வுட், அதன் அடிவாரத்தில் இருந்த மாபெரும் சுதை முகத்தை வரைந்து 1844-இல் வெளியிட்டார். அந்த முகம் இன்று இல்லை. ஓவியம் மட்டும் இருக்கிறது.

மாயர்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்று படித்தேனே?

உங்களுக்குப் பஸ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர், சந்தையில் ஆரஞ்சு தோலுரித்துக் கொடுத்த அம்மாள், விடுதியில் சாவி எடுத்துக் கொடுத்த பையன் – அநேகமாக எல்லாரும் மாயர்கள்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெக்சிகோவில் யூகாத்தான் மாயா மொழி பேசுவோர் சுமார் 7,74,000 பேர். இன்னும் பல மாயா மொழிகள் சியாபாஸிலும் குவாத்தமாலாவிலும் பேசப்படுகின்றன.

மறைந்துபோனவை சில நகரங்களும் அரசகுலங்களும். அதுவும் பெரும்பாலும் தெற்கே உள்ள காட்டுப் பகுதிகளில், 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி. மக்கள் எங்கும் போகவில்லை. 1847-இல் யூகாத்தானின் மாயர்கள் நில உரிமைக்காகவும் வரிக்கொடுமைக்கு எதிராகவும் ஆயுதம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு இசமாலையே பிடித்தார்கள். அந்தப் போர் 1901 வரை இழுத்தது. அதன் பிறகும் கற்றாழைப் பண்ணைகளில் கடன் அடிமைகளாக உழைத்தார்கள். அந்தக் கற்றாழை நாருக்கு உலகம் முழுவதும் கயிறு திரிக்கக் கிராக்கி இருந்தது. அது கப்பலேறிய யூகாத்தான் துறைமுகத்தின் பெயர் சிசால். நம் ஊர்க் கடைகளில் இன்றும் அந்த நாருக்கு அதுதான் பெயர்.

சுற்றுலா வழிகாட்டி யாராவது ‘மாயர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது’ என்று ஆரம்பித்தால் வேறு வழிகாட்டியைப் பிடியுங்கள்.

ஓரிரு சொற்கள் மாயா மொழியில் பேச முடியுமா?

‘பிஷ் ஆ பேல்’ என்றால் எப்படி இருக்கிறீர்கள். ‘மாஅலோப்’ என்றால் நலம். ‘தியோஸ் போஓதிக்’ என்றால் நன்றி. உச்சரிப்பு தவறினாலும் முகம் மலரும். மற்றபடி ஸ்பானிய மொழியில் எண்களும் சாப்பாட்டுச் சொற்களும் தெரிந்திருந்தால் சமாளித்துவிடலாம். ஆங்கிலம் பெரிய விடுதிகளுக்கு வெளியே எடுபடாது.

இந்தியாவிலிருந்து போக விசா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருந்தால் மெக்சிகோ விசா இல்லாமலே சுற்றுலாவுக்கு நுழையலாம். கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. புறப்படும் முன் தூதரகத்தின் பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை.

மெரிதாவிலிருந்து எப்படிப் போவது?

பஸ். சாதாரண இரண்டாம் வகுப்புப் பஸ்தான், ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் கிராமங்களில் நின்று நின்று போகும். அந்த நிறுத்தங்களும் பார்க்க வேண்டியவையே. வேன்களும் ஓடுகின்றன. ஆள் நிறைந்ததும் கிளம்பும். திரும்பி வரும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்கும் இசமாலில் நிலையம் உண்டு. நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. மெரிதாவின் நிலையமும் நகருக்கு வெளியேதான். இரண்டு பக்கமும் வண்டி பிடிக்கும் அலைச்சலைக் கூட்டிப் பார்த்தால், மெரிதாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ்ஸே மேல். கான்குன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரயில் நன்று.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். சென்னைக்காரர்கள் ‘நமக்குப் பழக்கம்தானே’ என்று கிளம்பிவிடுவார்கள். இங்கே கடற்காற்று கிடையாது என்பதை மறக்காதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். புயல் எச்சரிக்கையை மட்டும் கவனியுங்கள்.

பகலில் வந்து திரும்பினால் போதாதா? தங்க வேண்டுமா?

ஒரு இரவு தங்குங்கள். சுற்றுலாப் பஸ்கள் பத்து மணிக்குமேல் வந்து மூன்று மணிக்குள் போய்விடுகின்றன. ஊரின் நல்ல நேரங்கள் இரண்டும் அதற்கு வெளியே இருக்கின்றன. மாலையில் மடத்துக்கு முன்னால் உள்ள பூங்காவில் குடும்பங்கள் வந்து உட்காரும். தள்ளுவண்டியில் ‘மார்கெசிதா’ போடுவார்கள். மெல்லிய மாவை இரும்பு அச்சில் மொறுமொறுவென்று சுட்டு, நடுவில் டச்சுப் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுச் சுருட்டித் தருவது. தித்திப்பும் உப்பும் சேர்ந்த அந்தச் சுருளை நின்றுகொண்டே தின்ன வேண்டும். சில இரவுகளில் மடத்தின் சுவரில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கும். எந்த நாள் என்பதை விடுதியில் கேளுங்கள்.

சாப்பாடு எப்படி? சைவர்கள் என்ன செய்வது?

அசைவர்களுக்குக் கவலையே இல்லை. ‘கோச்சினிதா பிபில்’தான் யூகாத்தானின் பெருமை. பன்றி இறைச்சியில் ஜாப்ரா விதை விழுதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் பூசி, வாழை இலையில் பொதிந்து, மண்ணுக்குள் தோண்டிய அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். ஞாயிறு காலையில் சந்தையில் வாங்குங்கள். பத்து, பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். பன்றி வேண்டாம் என்றால் எலுமிச்சை மணக்கும் கோழி சூப், ‘சோபா தெ லீமா’.

சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். கருப்பு பீன்ஸ் மசியல் சைவம்போலத்தான் இருக்கும். பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். ‘சின் மந்தேகா’, கொழுப்பில்லாமல், என்று கேட்டு உறுதி செய்யுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ‘பாபட்சூல்’ இருக்கிறது: சோள ரொட்டிக்குள் வேகவைத்த முட்டை, மேலே பூசணி விதை அரைத்த பச்சைக் குழம்பு. முட்டையும் வேண்டாம் என்றால் ‘சிகில் பாக்’ கேளுங்கள். வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் கரகரப்பாக அரைத்த துவையல் அது. சூடான சோள ரொட்டியைக் கிள்ளித் தொட்டுச் சாப்பிட்டால் நம் வீட்டு அம்மிக்கல் நினைவு வரும். ஒரு வேளைச் சாப்பாடாகவே முடித்துவிடலாம்.

மேசையில் சிறு கிண்ணத்தில் வைக்கும் ஆபனெரோ மிளகாய்ச் சாற்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஆந்திராக்காரர்களும் தண்ணீர் கேட்பார்கள்.

குதிரை வண்டியில் சுற்றலாமா?

பூங்காவில் வரிசையாக நிற்கும். குதிரைகளுக்குப் பூ வைத்த வைக்கோல் தொப்பி போட்டிருப்பார்கள். காலையிலோ மாலையிலோ ஏறினால் சரி. நடுவெயிலில் வேண்டாம், குதிரையும் பாவம். காலுக்கு வலு இருந்தால் நடந்தே பார்த்துவிடலாம்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

மடத்துக்கு ஏறும் பாதை முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்தான், ஆனால் நிதானமாக ஏறிவிடலாம். கினிச் காக்மோவில் முதல் மேடையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தைகள் ஏறுவதில் நம்மை மிஞ்சுவார்கள், இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்கலாம்?

கற்றாழை நாரில் பின்னிய பொருள்கள், கோக்கோயோல் பனைக் கொட்டையில் செய்த கருநிற மாலைகள், ஊஞ்சல் படுக்கை. யூகாத்தான்காரர்கள் கட்டிலைவிட ஊஞ்சல் படுக்கையில்தான் அதிகம் தூங்குவார்கள். சதுக்கத்தின் கடைகளைவிட, உள்தெருக்களில் இருக்கும் பட்டறைகளில் செய்கிறவரிடமே வாங்குவது நல்லது.

பாதுகாப்பாக இருக்குமா? வேறு எதில் கவனம் வேண்டும்?

மெக்சிகோவிலேயே கொலைக் குற்றங்கள் மிகக் குறைந்த மாநிலங்களில் யூகாத்தானும் ஒன்று. இசமாலில் இரவில் நடப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொசு மருந்து வைத்திருங்கள், டெங்கு உண்டு. சில்லறையாகப் பெசோ நோட்டுகள் வேண்டும், சிறு கடைகளில் அட்டை செல்லாது. மடம் இன்றும் பூசை நடக்கும் கோயில், தொப்பியைக் கழற்றுங்கள், பூசை நேரத்தில் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

தெருவுக்கெல்லாம் எண்தானா?

ஆமாம். இரட்டை எண் தெருக்கள் வடக்கு-தெற்கு, ஒற்றை எண் தெருக்கள் கிழக்கு-மேற்கு. இது தெரிந்துவிட்டால் வழி தவறாது.

மெரிதா, வயதோலித், இசமால் மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

மூன்றும் மாயர் ஊர்கள் மீது ஸ்பானியர் எழுப்பியவை. 1542-இல் மெரிதாவை நிறுவியபோது அங்கிருந்த தொஹோ நகரின் பிரமிடுகளை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்று அவற்றை நீங்கள் மனதால்தான் பார்க்க வேண்டும். வயதோலித்தும் சாசி என்ற ஊரின் மீது எழுந்தது. அதன் நடுவே இருக்கும் ஆழக்கிணறு போன்ற ‘செனோத்தே’ நீர்நிலையில் குளிக்கலாம். நல்ல உணவு, அருங்காட்சியகம், இசை என்றால் மெரிதா. நீச்சலும் சிச்சென் இட்சாவுக்கு எளிய பயணமும் வேண்டுமென்றால் வயதோலித். பழைய ஊரும் புதிய ஊரும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் இசமால். என்னைக் கேட்டால், மெரிதாவில் தங்கிக்கொண்டாவது இசமாலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

கான்குனிலிருந்து விமானம். இசமாலிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

காரில் மூன்று மணி நேரம். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள்: கான்குன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலத்தின் நேரம் யூகாத்தானைவிட ஒரு மணி நேரம் முன்னால். இசமாலில் காலை எட்டுக்குக் கிளம்பினால் கான்குனில் பதினொன்று அல்ல, பன்னிரண்டு. அந்த ஒரு மணி நேரத்தையும் விமான நிலையத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டிய நேரத்தையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.